பசித்தவனின் சினம்: உணவொழுக்கமும் அறப்பொறுப்பும்

அறவியல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன பெரிய வினாக்களே. பொய் கூறல் எவ்விடத்தேனும் தகுமா, நீதி என்பது யாது, மனிதன் தன் செயலில் சுதந்திரமுடையவனா என்பன போன்றவற்றை விரிவுரை மண்டபங்களிற் கேட்கின்றோம், பரீட்சையில் எழுதுகின்றோம். ஆயின் மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் தவறாது செய்ய வேண்டிய ஒரு செயலாகிய உண்ணுதல், இவ்வினாக்களின் வரிசையில் அரிதாகவே இடம்பெறுகின்றது. இடம்பெறும்போதும் எதனை உண்ணலாகாது என்பதே பேசப்படுகின்றது. புலாலும் கள்ளும் விலக்கப்பட வேண்டியவை எனக் கூறும் நூல்கள் நம்மிடம் உள. ஒருவன் தனக்குரிய உணவை உரிய காலத்தில், உரிய அளவில் உண்பது ஓர் அறக்கடமையா என்னும் வினாவோ, வீட்டில் அன்னையரும் பாடசாலையிற் சுகாதார பாட ஆசிரியரும் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு விடயமாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றது.

இவ்வினாவை நானும் அவ்வாறே ஒதுக்கியிருந்தேன். அதனை எடுத்து நோக்கும்படி செய்தது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். இரண்டாம் ஆண்டுப் பரீட்சைக்கு நான் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த நாள்களில் ஒரு மாலைப்பொழுது, முதலாம் ஆண்டு மாணவனொருவன் விடுதி அறைக்கு வந்து, அளவையியற் குறிப்புகள் சிலவற்றை இரவல் கேட்டான். “நூலகத்திலே போய்த் தேடத் தெரியாதோ? எல்லாம் இன்னொருத்தன் எழுதித் தரவேணுமோ?” என்று அவன் மீது சீறி விழுந்தேன். அவன் மறுமொழி கூறாது போய்விட்டான். அங்கிருந்த என் அறைத்தோழன் சிறிது நேரங் கழித்து, “இண்டைக்கு என்ன சாப்பிட்டனீ?” என்று மட்டுங் கேட்டான். எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் மதியத்துக்குப் பின்னர் இரண்டு வெறுந்தேநீரும் நாலைந்து பிஸ்கற்றுகளுமன்றி வேறொன்றும் உண்டிலேன்.

அதனை உணர்ந்தபோது எனக்கு ஒருவகை ஆறுதலே உண்டாயிற்று என்பதை இங்கு மறையாது கூறவேண்டும். சீறியது நானன்று, என் பசியே என எண்ணிக்கொண்டேன். அவ்வாறுதல் நியாயமானதா என்பதே இக்கட்டுரை ஆராய விழையும் பொருளாகும். பசி சினத்துக்குக் காரணமாகுமெனின், அச்சினத்துக்கு யார் பொறுப்பு? பொறுப்பு நம்முடையதாயின், ஒழுங்காக உண்ணும் பழக்கம் உடல்நலத்துக்குரிய உபாயம் என்ற நிலையைக் கடந்து, பிறருக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகிவிடுமன்றோ?

உணவும் உளமும்

உடலின் நிலை உளத்தைப் பாதிக்கின்றது என்பது புதிய செய்தியன்று. அது எவ்வளவு ஆழமாகப் பாதிக்கின்றது என்பதை எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. போரினாற் பட்டினியுற்ற மக்களை எவ்வாறு மீட்டெடுக்கலாம் என்பதை அறியும் பொருட்டு, அன்செல் கீஸ் என்னும் உடற்றொழிலியலாளர் 36 இளைஞரைக் கொண்டு 1944, 1945 ஆம் ஆண்டுகளில் இவ்வாய்வை நடத்தினார். அவ்விளைஞர் மனச்சான்றின் காரணமாக ஆயுதமேந்த மறுத்தவர்கள், தாமாகவே முன்வந்தவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழ அரைப்பங்கே வழங்கப்பட்டது. அவர்கள் உடல் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை இழந்தனர். அதனினும் கருதத்தக்கது அவர்தம் குணத்தில் நேர்ந்த மாற்றமாகும். நகைச்சுவை மறைந்தது, சிறு காரணங்களுக்கும் எரிச்சல் மிகுந்தது, நண்பரை விட்டு ஒதுங்கினர், படிப்பிலும் பொதுக்காரியங்களிலும் இருந்த ஆர்வம் போய்ச் சமையற் குறிப்பு நூல்களைப் படிப்பதில் நேரம் கழிந்தது. சமாதானத்தின் மீது கொண்ட பற்றினாற் போரை மறுத்த மனிதர், உணவுத் தட்டின் முன்னே ஒருவரோடொருவர் பிணங்கினர். கொள்கையுறுதி மட்டும் ஒருவனது மனநிலையைக் காத்துவிடும் என நம்புவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இதற்குரிய உடலியற் காரணம் விளங்கிக்கொள்ள அரிதன்று. மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதமே. ஆயின் ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கின்றது. வயிற்றை நிரப்பினாற் போதும் என்பதும் உண்மையன்று. யாவாத் தீவில் பணியாற்றிய ஒல்லாந்த மருத்துவர் எய்க்மன், தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீங்கா அரிசி கொடுக்கப்பட்டபோது அவை தேறுவதையும் 1890களிற் கண்டார். இன்று பி1 எனப்படும் உயிர்ச்சத்தின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த அப்பணிக்காக 1929 இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் ஆராய்ந்த பெரிபெரி நோயின் பெயரே, ‘இயலாது, இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்ததென்பர். வயிறு நிறையச் சோறுண்டும் இயலாமையால் வாடிய மக்களின் வாய்மொழியாக அதனைக் கொள்ளலாம். நம் முன்னோர் நெல்லை அவித்துக் குற்றிய புழுங்கலரிசியில் இச்சத்தின் பெரும்பகுதி அரிசியினுள்ளேயே தங்கிவிடுகின்றது. வெண்மையைச் சிறப்பெனக் கருதிப் புழுங்கலையும் குரக்கனையும் ஏழைகளின் உணவென ஒதுக்கிய நமது நாகரிகம், இழந்தது எது என்பதை இதனால் அறியலாம்.

இரும்புச்சத்தின் கதையும் இத்தகையதே. அது குறையுமிடத்துக் குருதி வேண்டிய அளவு ஒட்சிசனைச் சுமப்பதில்லை; களைப்பும் கவனச் சிதைவும் எரிச்சலும் தோன்றுகின்றன. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதை உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர் தடைசெய்கின்றது. தேசிக்காய்ச்சாறும் கொய்யாப்பழமும் அதற்குத் துணைசெய்கின்றன. உலகுக்கே தேயிலை அனுப்பும் இத்தீவில், பாணும் வெறுந்தேநீரும் காலையுணவாகிவிட்டமை எத்துணை முரண்பாடு! சீனி மிகுந்த தேநீர் தரும் உற்சாகமும் சிறிது நேரத்தில் வடிந்துவிடுவது. அது பசியை ஆற்றுவதில்லை, மறைக்கின்றது.

உளச்சோர்வு நோயுற்ற 67 பேரைக் கொண்டு அவுஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2017 இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரங்கள் உணவுத் திருத்தத்துக்கு வழிகாட்டப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நோய்நிலை நீங்கினர். பேச்சுத்துணை மட்டும் பெற்றோரில் அவ்வாறு தேறியோர் நூற்றுக்கு எண்மரே. இது சிறிய ஆய்வு. தாம் எப்பிரிவினர் என்பதைப் பங்குபற்றியோர் அறிந்தேயிருந்தனர். ஆதலின் கீரையும் பயறும் உளநோய்க்கு மருந்தெனப் பறைசாற்றுதல் தவறாகும். உணவு உளத்தின் ஒரே தலைவனன்று. ஆயினும் அதன் பங்கு புறக்கணிக்கத்தக்கதன்று என்ற அளவே இங்குக் கொள்ளற்பாலது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். பசியே சினத்தை உண்டாக்குமெனின், நோன்பிருப்போர் யாவரும் சினமுடையராதல் வேண்டுமே? என் அன்னையார் ஆண்டுதோறும் கந்தசஷ்டியின் ஆறு நாளும் விரதமிருப்பார். அந்நாள்களில் அவர் குரல் வழக்கத்தினும் தாழ்ந்தும் கனிந்துமே ஒலிக்கும். றமழான் மாதத்தில் நோன்பிருக்கும் இஸ்லாமிய நண்பர், பகல் முழுதும் நீரும் அருந்தாது எம்முடன் விரிவுரைக்கு வந்து புன்னகையோடு திரும்புவதையும் கண்டிருக்கின்றேன். இவை பொய்யல்ல. ஆயின் விரதப் பசிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, உடனிருந்து நோற்கும் சுற்றமுண்டு, பொருள் உண்டு. மறதியாலும் அலட்சியத்தாலும் வரும் பசிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அது தன்னைப் பசியென்று அறிவித்துக்கொண்டு வருவதுமில்லை. எதிரே நிற்பவனின் குற்றம் போலத் தோற்றமெடுத்து வருகின்றது. நோன்பாளி தன் பசியை அறிவான். நான் என் பசியை அறியாதிருந்தேன். உடல் உளத்தை உந்துகின்றது. ஆனால் முற்றாக ஆள்வதில்லை என்பதற்கு நோன்பே தக்க சான்றாகும். முற்றாக ஆள்வதில்லையாயின் பொறுப்பும் முற்றாக நீங்குவதில்லை.

மூவகைப் பசி

பொறுப்புப் பற்றிய ஆராய்ச்சியில் அரிஸ்டோட்டில் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு இங்குப் பயன்படும். குடிவெறியிற் குற்றமிழைத்தவனுக்குத் தண்டனை இரட்டிப்பாகும் என்னும் சட்டத்தை அவர் தமது அறவியல் நூலில் எடுத்துக்காட்டுகின்றார். வெறியிலிருந்தவன் தான் செய்வதை அறியான் என்பது உண்மையே. எனினும் வெறியுறாதிருத்தல் அவன் கையில் இருந்தது. அறியாமையின் தொடக்கம் அவனிடமே உளது. ஆகவே அவ்வறியாமை மன்னிப்புக்குரிய காரணமாகாது என்பது அவர் கருத்து. காசு கையிலிருந்தும், கடை அருகிலிருந்தும், படிப்பின் பெயரால் உண்ணாது விட்டவனின் சினமும் இவ்வகையினதே. பசி என்னை ஆட்கொண்டது உண்மை. அதற்கு வாயிலைத் திறந்து வைத்தவன் நானே. ஆகவே எனது ஆறுதல் நியாயமற்றது என்பது முதலாவது முடிவாகும்.

ஆயின் இம்முடிவை எல்லாப் பசிக்கும் பொதுவாக்குதல் கொடுமையாகும். நான் சீறி விழுந்த அம்மாணவன், ஊரிலிருந்து பணம் வரத் தாமதித்தமையால், அவ்வாரம் முழுவதும் மதிய உணவைத் தவிர்த்து வந்தான் என்பதைச் சில நாள்களின் பின்னரே பிறர் வாயிலாக அறிந்தேன். அன்றைய தினம் அவ்வறையின் வாயிலில் எதிரெதிரே நின்றோர் இருவரும் பசித்தவரே. ஒருவனுக்குப் பசி அலட்சியத்தின் பயன். மற்றவனுக்கு இல்லாமையின் பயன். அலட்சியத்தாற் பசித்தவன் கத்தினான். இல்லாமையாற் பசித்தவன் பொறுத்துக்கொண்டு போனான். என் பசியைக் காரணங் காட்டித் தப்ப முயன்ற எனக்கு இதனினும் வலிய மறுப்பு எந்நூலிலும் கிடைத்திராது.

இல்லாமையாற் பசிப்பவரை நோக்கி, நன்றாக உண்ணும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள் என உபதேசிப்பது அறமாகாது. பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 12 ஆம் நாள் இந்நாட்டு மக்கள் நடத்திய ஹர்த்தால் ஒரு பிரதமரின் பதவி விலகலுக்கே காரணமாயிற்று. உணவுத் தட்டு அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. எமது தலைமுறையினர் இதனை 2022 ஆம் ஆண்டிற் கண்டனர். அவ்வாண்டு செப்ரெம்பரில் உணவுப்பொருள் விலையேற்றம், முந்திய ஆண்டோடு ஒப்பிடுமிடத்து, 90 வீதத்தையும் கடந்தது. அந்நாள்களிற் பல வீடுகளில் மூன்று வேளை இரண்டாயிற்று; முட்டையும் மீனும் பாற்மாவும் கைக்கெட்டாதனவாயின. மலையகத் தோட்டங்களிலோ, கோதுமை மா றொட்டியும் தேநீரும் உண்டு மலையேறிக் கொழுந்து பறிப்போரின் வாழ்வில் இத்தகைய குறைவு ஓராண்டு நெருக்கடியால் மட்டும் வந்ததன்று. அங்கு முதற் கடமை உண்பவனுடையதன்று. கூலியையும் விலையையும் விதிப்போருடையது.

மூன்றாவது வகைப் பசியொன்றுண்டு. அது தியாகம் என்னும் பெயரால் நம் வீடுகளில் வழங்குவது. எங்கள் வீட்டில் அன்னையார் என்றும் கடைசியாகவே உண்பார். “நீ சாப்பிடு பிள்ளை, நான் பிறகு சாப்பிடுறன்” என்ற சொற்களை எத்தனையாயிரம் முறை கேட்டிருப்பேன் என்பது தெரியாது. அந்தப் ‘பிறகு’ வரும்போது சட்டியில் எஞ்சியிருப்பது சொதியும் அடிச்சோறுமே. மீன் துண்டு தந்தையாருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். மாலை வேளைகளில் அவர் களைத்துச் சினந்து பேசுவதுண்டு. அது அவரது இயல்பு என நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். தமக்கையும் நானும் அதனைச் சொல்லி நகைத்துமிருக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் மருத்துவர் சோதித்து, இரத்தம் மிகக் குறைந்துள்ளது எனக் கூறிய பின்னரே, நாங்கள் இயல்பு என்றது எங்கள் உணவு முறையின் விளைவு என்பது புலனாயிற்று. அவரது களைப்பை உண்டாக்கியவர்கள் நாங்கள். அக்களைப்பைக் குணக்குறையெனக் கூறியவர்களும் நாங்களே.

ஆகவே பசியை நோக்கி ஒரே வினாவை எழுப்புதல் போதாது. அலட்சியத்தால் வருவதாயின் பசித்தவனும், இல்லாமையால் வருவதாயின் சமுதாயமும், பிறர் பொருட்டு ஏற்கப்படுவதாயின் அத்தியாகத்தின் பயனைத் துய்ப்போரும் விடையிறுத்தல் வேண்டும். ஒரே வீட்டில், ஒரே விடுதியில் இம்மூன்றும் அருகருகே இருத்தல் கூடும்.

தன்னைப் பேணுதல் தன்னலமா?

பசித்திருப்போர் பலராக, நம் தட்டை நாம் ஒழுங்கு செய்வது தன்னலமாகாதா என ஒருவர் வினவலாம். இளைஞரிடையே இவ்வெண்ணம் சற்று மறைமுகமாக வழங்குகின்றது. பரீட்சைக் காலத்தில் உண்ணாது உறங்காது படிப்பவனை வியந்து பேசுகின்றோம். பொதுப்பணியில் ஈடுபட்டுச் சோற்றை மறந்தவனைத் தியாகி என்கின்றோம். ஒழுங்காக உண்பவன் சோற்றுப் பிரியன் என நகைக்கப்படுகின்றான்.

கடமையைத் தவிர வேறெதற்கும் அறமதிப்பு வழங்க மறுத்த கான்ற், 1785 இல் வெளியான தம் நூலில் இதற்கு விடை தந்துள்ளார். ஒருவன் தன் நல்வாழ்வைப் பேணுதல், நேரடியாகவன்றேனும், அவனது கடமையாகும்; ஏனெனில் குறைகளும் துன்பங்களும் சூழ்ந்த நிலை கடமை தவறுவதற்கான தூண்டுதலாக மாறக்கூடும் என்பது அவர் வாதம். இதனை நமது பொருளுக்குப் பொருத்தினால், நான் காலையில் உண்பது என் சுகத்துக்காக மட்டுமன்று. மாலையில் என் வாயிலுக்கு வருபவனை மனிதனாக நடத்தும் ஆற்றல் என்னிடம் எஞ்சியிருப்பதற்காகவுமாம்.

வள்ளுவர் இவ்விரு பக்கத்தையும் நோக்கியவர். மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்திற் பெரும்பகுதியை அவர் மூலிகைகளுக்குச் செலவிட்டிலர். முன்னுண்டது செரித்தமை அறிந்து, பசித்தபின், அளவறிந்து உண்ணல் என்பதையே வற்புறுத்துகின்றார். மறுபுறம் ஈகை அதிகாரத்தில், தன் பசியைப் பொறுக்கும் தவத்தினும் பிறர் பசியை நீக்கும் ஆற்றலே உயர்ந்தது என்கின்றார். தன் உணவில் அளவும் பிறர் பசியிற் கருத்தும் ஒருவனிடத்தே சேர்ந்திருக்க வேண்டியவை என்பது இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்குப் புலனாகும்.

பழக்கம் உருவாகும் வழி

கடமை என அறிவது ஒன்று. நாள்தோறும் செய்வது மற்றொன்று. நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நீதிமானாகின்றான் என்பது அரிஸ்டோட்டிலின் கோட்பாடு. உணவொழுக்கத்துக்கும் இது பொருந்தும். பரீட்சைக்குப் பின்னர் நான் முதலிற் செய்தது ஒரு பெரிய தீர்மானம் எடுத்ததே. நாள்தோறும் மூன்று வேளை, இத்தனை கீரை, இத்தனை பழம் என அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அது ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் ஒரு கட்டுரை ஒப்படைக்க வேண்டியிருந்தது; அட்டவணை தோற்றது.

இத்தோல்விக்கான காரணத்தைச் சம்யுத்த நிகாயத்தில் வரும் ஒரு வரலாறு எனக்கு விளக்கிற்று. கோசல நாட்டரசன் பசேனதி, மரக்கால் அளவு சோறுண்டு மூச்சு வாங்கியபடி புத்தரிடம் வருகின்றான். அளவறிந்து உண்பவன் துன்பங் குறைந்து வாழ்வான் என்னும் கருத்தமைந்த செய்யுளொன்றை அவர் கூறுகின்றார். அரசன் அதனைத் தான் நினைவில் வைத்திருப்பதாகச் சூளுரைக்கவில்லை. அருகே நின்ற சுதர்சனன் என்னும் இளைஞனை அதனைக் கற்கச் செய்து, தான் உண்ணும்போதெல்லாம் சொல்லும்படி பணித்து, அதற்கு நாள்தோறும் நூறு காசு வழங்குகின்றான். சிறிது சிறிதாக அவனது உணவு நாழியளவுக்குக் குறைந்தது, உடலும் நலமுற்றது. தன் உறுதியைத் தான் நம்பாமையே அவ்வரசனின் அறிவுடைமை. பழக்கத்தைத் தனியொருவனின் நெஞ்சுரத்திற் கட்டாது, பக்கத்திலிருக்கும் மனிதனின் குரலிற் கட்டினான்.

நூறு காசு எம்மிடம் இல்லை. ஆயின் பக்கத்தில் மனிதர் உளர். என் அறைத்தோழனும் நானும் செய்துகொண்ட ஏற்பாடு மிக எளியது. இரவில் உறங்குமுன் இருவருள் ஒருவர் இரண்டு கைப்பிடி பயற்றை ஊறவைப்பது. காலையில் அதனைத் தேங்காய்த் துருவலும் வாழைப்பழமும் சேர்த்து இருவரும் ஒருங்கிருந்து உண்பது. அறையிற் சமைத்தல் விதிக்கு மாறாதலின் இதுவே இயன்றது. தேநீரை விட்டோமல்லோம், உணவுக்குப் பின் ஒரு மணிநேரங் கழித்து அருந்துகின்றோம். மதியச் சோற்றுப் பொதி வாங்குகையில் வெள்ளையரிசிக்குப் பதிலாகச் சிவப்பரிசியும், பொரியல் ஒன்றுக்குப் பதிலாகக் கீரைக் கறியும் கேட்கின்றோம். வெறும் பிஸ்கற்றுக்குச் செலவிட்ட காசினும் பயற்றின் செலவு மிகவில்லை. ஒருவன் சோம்பும் நாளில் மற்றவன் ஊறவைக்கின்றான். தனியே ஒன்பது நாளில் முறிந்தது, இருவராக ஒரு தவணையைக் கடந்து நிற்கின்றது. களைப்பு முற்றாக நீங்கிற்று எனக் கூறேன். முற்பகல் விரிவுரைகளில் கண் சொருகுவது குறைந்தது. சினமும் வருகின்றது, ஆனால் இப்போது அது வரும்போது இது யாருடைய குற்றம் என வினவுமுன், எப்போது உண்டேன் என வினவக் கற்றுள்ளேன்.

எல்லோருக்கும் இதே கால அட்டவணை பொருந்த வேண்டுமென்பதில்லை. கான்ற் அதிகாலையிற் தேநீர் அருந்தி, நாளொன்றுக்கு நண்பகலில் ஒரே வேளை உண்டவர். எனினும் அவ்வேளை தவறியதில்லை. அவர் தனியே உண்பதையும் விரும்பியதில்லை. தனியே உண்பது மெய்யியல் அறிஞனுக்கு நலந்தராது எனவும், விருந்தில் மூவருக்குக் குறையாமலும் ஒன்பதின்மருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டுமெனவும் எழுதியவர் அவர். எத்தனை வேளை என்பதினும் ஒழுங்கும் உடனுண்ணலுமே அவர் வாழ்விலிருந்து நாம் கற்கத்தக்கவை.

முடிவாக

மணிமேகலை மணிபல்லவத்திற் பெற்ற அமுதசுரபியைப் பற்றி நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்றுள்ளோம். அம்மணிபல்லவம் நமது நயினாதீவே எனக் கொள்வாருமுளர். அக்காப்பியம் பசியைப் பிணியென்றே கூறுகின்றது. அப்பிணி அழிப்பனவற்றுள் குடிப்பெருமையோடும் நாணத்தோடும் கல்வியையும் அது எண்ணுகின்றது. மணிமேகலை அப்பாத்திரத்தோடு சிறைக்கூடத்துக்கும் சென்றாள், அச்சிறையே அறக்கோட்டமாயிற்று. பசித்தவரிடம் முதலில் அறத்தை எதிர்பாராது முதலில் உணவைக் கொண்டு சென்றமை அவள் கண்ட முறை. நல்லொழுக்கம் பற்றி நிறையப் பேசும் நாம் இவ்வரிசை முறையை மறந்துவிடுகின்றோம்.

எடுத்துக்கொண்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். பசித்தவனின் சினத்துக்குப் பசி காரணம். ஆயின் நானே வரவழைத்த பசிக்கு நானே பொறுப்பு. எனவே தன் உணவை ஒழுங்குசெய்தல், இயன்றவனுக்குக் கடமையாகும். இயலாதவனுக்கு அதே கடமை, இயன்ற மற்றையோர் மீது சுமத்தப்படுகின்றது. நான் உண்டேனா என்னும் வினாவும் அவர் உண்டாரா என்னும் வினாவும் ஒரே அறத்தின் இரு கூறுகள். முன்னையதை மட்டும் கேட்பவன் தன்னலக்காரன். பின்னையதை மட்டும் கேட்பவன், எங்கள் அன்னையாரைப் போலத் தன்னையே உணவாக்கி மெலிகின்றான்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது, அன்னையார் வழமை போலப் “பிறகு சாப்பிடுறன்” என்றார். “நீங்கள் இருக்காமல் நாங்களும் சாப்பிடமாட்டம், அம்மா” என்று தமக்கையும் நானும் தட்டுகளைத் தொடாதிருந்தோம். முதல் நாள் அவர் கோபித்தார். இரண்டாம் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் தாமாகவே பலகையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மீன் துண்டுகளை அன்று தமக்கையே பகிர்ந்தாள்.

விடுதிக்குத் திரும்பியபின் அந்த முதலாம் ஆண்டு மாணவனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அளவையியற் குறிப்புகளையும் கொடுத்தேன். “பரவாயில்லை, அண்ணா” என்றான். அவன் முகத்திலிருந்து அவன் மறந்தானா என்பதை அறிய முடியவில்லை. அவன் மறக்க வேண்டுமென எதிர்பார்க்க எனக்கு உரிமையுமில்லை. மறுநாள் இரவு மூன்று கைப்பிடி பயறு ஊறவைத்தோம். காலையில் அவன் வந்தான்.